குமுளி மலை ஏறும் பிளக்-இன் கார்: கேட்டவர்களுக்கு ஒரு டிரைவரின் பதில்கள்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கம்பத்துக்காரன். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்கு டிரைவர். நாலு வருடமாக ஓட்டுவது ஒரு ஐரோப்பிய பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி, அதாவது சுவர் பிளக்கில் சார்ஜ் போட்டுக் கரண்டிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். பேட்டரி 11.6 யூனிட், ஓட்டத்துக்குக் கிடைப்பது 9 யூனிட் சொச்சம். ஆள் ஏறினால் வண்டி இரண்டரை டன். சுவரிலிருந்து எத்தனை யூனிட் எடுத்தேன், எத்தனை லிட்டர் போட்டேன், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. நான் மெக்கானிக் இல்லை. எரர் கோடு கேட்காதீர்கள்.

உத்தமபாளையத்திலிருந்து ஒரு தம்பி: கரண்டில் மட்டும் 40 கிலோமீட்டர் போகும் என்கிறார்களே, கம்பத்திலிருந்து குமுளி போய்வர பெட்ரோல் இல்லாமல் முடியுமா?

போகலாம். வர முடியாது.

சமதளத்தில் என் வண்டி கிலோமீட்டருக்கு 0.22 யூனிட் எடுக்கும். 9 யூனிட்டுக்கு 40 கிலோமீட்டர், கம்பெனி கணக்கு சரிதான். ஆனால் நம் ஊரில் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம், உயரத்தையும் எண்ண வேண்டும். இரண்டரை டன்னை 100 மீட்டர் மேலே தூக்க 0.7 யூனிட் வேண்டும். இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் மாறாது, பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறக்குறைய 450 மீட்டர் ஏற்றம். தூக்குவதற்கு மட்டும் 3 யூனிட். டயர் உருள, மோட்டார் சூட்டில் போக, ஏசி ஓட எல்லாம் சேர்த்து அந்த ஆறேழு கிலோமீட்டர் மலைப்பாதையில் நாலரை யூனிட் போய்விடும். பேட்டரியில் பாதி அது. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வருவதற்கே முன்னால் மூன்றரை போயிருக்கும். குமுளி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்கு ஒரு யூனிட் மிஞ்சினால் பெரிய விஷயம். நடுவில் லாரியை முந்த ஒரு மிதி மிதித்தால் இன்ஜின் தானாக விழித்துக்கொள்ளும்.

இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும். மலைப்பாதையில் தேக்கடித் தண்ணீரைக் கீழே இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறதோ அதையேதான் இறங்குகிற வண்டியும் செய்கிறது. ஒரு வித்தியாசம், தண்ணீரை மேலே ஏற்றிவிடுவது மழை, வண்டியை ஏற்றுவது நம் காசு. ஏறும்போது கொடுத்த நாலரையில் எனக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றரைக்கு மேல் இல்லை. அதை வைத்து கூடலூர் தாண்டுவேன், அப்புறம் வீடு வரை பெட்ரோல்.

போடியிலிருந்து: அண்ணே, இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வாங்கியிருக்கிறேன். சார்ஜ் போட என்ன பாயின்ட் வைக்கணும்?

ஒன்றும் வைக்க வேண்டாம் தம்பி. அதற்குப் பிளக்கே கிடையாது. பேட்டரி ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு, இன்ஜினும் பிரேக்கும்தான் நிரப்பும். நல்ல வண்டி. ஆனால் நாம் இங்கே பேசுவது அது இல்லை.

சின்னமனூர் ஆசிரியை ஒருவர்: எங்கள் வண்டியின் டேஷ்போர்டில் லிட்டருக்கு 62 கிலோமீட்டர் காட்டுகிறது. நம்பலாமா?

அது பெட்ரோலை மட்டும் எண்ணி, நீங்கள் வீட்டில் ஏற்றிய கரண்டை எண்ணாமல் சொல்கிற கணக்கு டீச்சர். வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஹோட்டல் பில்லை மட்டும் காட்டுவது மாதிரி. என் நோட்டில் ஒரு மாதத்தைப் பாருங்கள்: 1,180 கிலோமீட்டர், சுவரிலிருந்து 168 யூனிட், பெட்ரோல் 41 லிட்டர். டேஷ்போர்டு மாதிரி வகுத்தால் லிட்டருக்கு 28.8. நிஜத்தில் 640 கிலோமீட்டர் கரண்டில், மிச்சம் 540 பெட்ரோலில். அப்படியென்றால் பெட்ரோலில் லிட்டருக்கு 13 சொச்சம்தான். யூனிட் 8 ரூபாய், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கரண்டில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சொச்சம், பெட்ரோலில் ஏழரை. இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள், கலக்காதீர்கள்.

168 யூனிட் சுவரிலிருந்து போனால் பேட்டரிக்கு 148 தான் சேரும். மிச்சம் சார்ஜரில் சூடாகப் போய்விடும். வண்டி காட்டுகிற யூனிட்டை வைத்து கரண்ட் பில் போட்டுப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், சாலையில் ஓடும் பிளக்-இன் கார்கள் சோதனைக் கணக்கில் சொன்னதைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன என்று வந்தது. முக்கியமான காரணம், வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடவில்லை.

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துபவர்: ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு கம்பம் இறங்குகிறேன். பாதி மலையில் பிரேக் கருகுகிற வாசனை வருகிறது. சில நாள் இன்ஜின் தானாகக் கத்துகிறது. வண்டியில் கோளாறா?

சேட்டா, வண்டி நன்றாக இருக்கிறது. நிறைத்த இடம்தான் தப்பு.

நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. இறக்கத்தில் மோட்டாரே சக்கரத்தை இழுத்துப் பிடித்துக் கரண்ட் எடுப்பதுதான் மோட்டார் பிரேக். பேட்டரி 100-ல் இருந்தால் அது தருகிற கரண்டுக்குப் போக இடமில்லை. அதனால் வண்டி மோட்டார் பிரேக்கைக் குறைத்துவிட்டு, முழுப் பாரத்தையும் சக்கர பிரேக்கிடம் கொடுக்கிறது. இரண்டரை டன், கொண்டை ஊசி வளைவுகள், வாசனை வராமல் என்ன செய்யும்? இன்ஜின் கத்துவதும் அதனால்தான், பெட்ரோல் எரிக்காமல் வெறுமனே சுற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. பயப்பட வேண்டாம்.

நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: மேலே நிறைக்காதீர்கள், கீழே நிறையுங்கள். மலைமேல் வீடு என்றால் 75 அல்லது 80-ல் நிறுத்துங்கள். நிறுத்த வசதி இல்லாத வண்டியில் டைமர் வைத்து, நிறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். இறங்கும்போது கியரை பி-க்குத் தள்ளுங்கள் (மோட்டார் பிரேக்குக்கான B, பார்க்கிங் P அல்ல). முதல் வளைவுக்கு முன்னாலேயே, பாதியில் அல்ல. கீழே போய்ச் சேரும்போது நீங்கள் ஏற்றாத கரண்டில் ஒரு பங்கு ஓசியில் ஏறியிருக்கும்.

கம்பம் ஜீப் டிரைவர் ஒருவர்: முப்பது வருசமா தோட்டத்துக்கு ஆள் ஏத்துறேன். இறக்கத்துல நியூட்ரல் போட்டா சொட்டு எண்ணெய் செலவில்ல. நீங்க சும்மா பி, சி-ன்னு குழப்புறீங்க.

மாமா, உங்கள் ஜீப்பைப் பற்றி நான் பேசவில்லை. ஆனாலும் மலையில் நியூட்ரல் வேண்டாம். ஜீப்பிலும் வேண்டாம், இதிலும் வேண்டாம். இப்போது வருகிற இன்ஜின்களில் கியரில் இறங்கினால் எரிபொருள் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிக்கும். பிளக்-இன்னில் நியூட்ரல் போட்டால் மோட்டார் சக்கரத்தைப் பிடிக்காது, பேட்டரிக்கு ஒரு சொட்டு வராது. மிச்சம் பிடிப்பது எதுவும் இல்லை, இருப்பதையும் கொட்டுகிறோம்.

தேனியில் இயற்பியல் கற்பிப்பவர்: ஒரு திருத்தம். மோட்டார் பிரேக்கில் போய்த் திரும்பி வருவதில் இரண்டு தடவை இழப்பு. இழுத்துப் பிடிக்காமல் உருளவிடுவதே லாபம். ஜீப் டிரைவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

சார், கூடலூர் சாலையில் நீங்கள் சொல்வது சரி, நூற்றுக்கு நூறு. தூரத்தில் ஸ்பீட் பிரேக்கர் தெரிந்தால் நானும் காலை எடுத்துவிட்டு டி-யிலேயே உருளவிடுவேன். வேகத்தைக் கரண்டாக்கி மறுபடி வேகமாக்குவதைவிட வேகமாகவே வைத்திருப்பது நல்லது. ஆனால் மலையில் உருளவிட்டால் அடுத்த வளைவுக்குள் எப்படியும் பிரேக் போட்டே ஆக வேண்டும். அந்த பிரேக்கை மோட்டாரில் போடுவதா, தகட்டில் போடுவதா என்பதுதான் கேள்வி. மோட்டாரில் போட்டால் பாதியாவது திரும்பும், தகட்டில் போட்டால் வாசனைதான் வரும்.

அதே ஜீப் டிரைவர்: வாத்தியாரே நம்ம கட்சிதான்!

சரி மாமா, சமதளத்தில் உங்கள் கட்சி. மலையில் என் கட்சி.

பெரியகுளத்திலிருந்து: கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டை வீட்டு பிளக்கில் சார்ஜ் போட அடாப்டர் கிடைக்குமா?

கிடைக்காது. போடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அந்த பேட்டரி ஒரு யூனிட்கூட இல்லை.

கூடலூர் திராட்சை விவசாயி: சாதா மூணு பின் பிளக்கில் போடலாமா? தோட்டத்து மோட்டார் ரூமில் லைன் இருக்கிறது.

16 ஆம்பியர் பிளக்காக இருந்தால், நல்ல எர்த் இருந்தால், போடலாம். வண்டியோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் எடுக்கும், மணிக்கு 2.3 யூனிட். என் பேட்டரிக்கு நாலரை மணி நேரம். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும். எர்த்தை ஏமாற்ற நியூட்ரல் வயரோடு கம்பி கோக்கிற எலக்ட்ரீஷியன் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். மலையில் ஒரு லாட்ஜில் முதலாளி தங்கியபோது, வாட்ச்மேன் ஜன்னல் வழியாக ஒரு பெட்டியை நீட்டினார். நானும் அசதியில் சொருகிவிட்டுத் தூங்கப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பிளக்கைக் கழற்ற முடியவில்லை. மேல்பக்கத் துளை உருகி, பித்தளைப் பின்னோடு வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் பொரித்த சட்டியைப் போல ஒரு வாசனை. டீவிக்கு, மிக்ஸிக்குப் போடுகிற பெட்டி பத்து நிமிடம் தாங்கும், மணிக்கணக்கில் தாங்காது. இப்போதெல்லாம் சொருகி அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்காமல் நான் படுப்பதில்லை.

இலவச விவசாய மின்சார லைனில் காருக்குச் சார்ஜ் போடாதீர்கள். அது வேறு வம்பு.

மதுரையிலிருந்து: ஹைவேயில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரில் போடலாமா?

பெரும்பாலான பிளக்-இன் கார்களில் அதற்கான வாயே கிடையாது. மெதுவான டைப் 2 பாயின்ட் இருந்தால் சாப்பிடுகிற நேரத்துக்குப் போடலாம்.

வண்டிப்பெரியாறிலிருந்து: இங்கே சார்ஜ் போடுவது லாபமா, கீழே வந்து போடுவதா?

உங்கள் பில்லை எடுங்கள். கேரளத்தில் வீட்டு இணைப்பு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் மேல்விலை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டினால் கணக்கே மாறும். காருக்கு மாதம் 150 யூனிட் சேரும்போது எந்தப் படியில் போய் நிற்கிறீர்கள் என்பதுதான் விஷயம். பெட்ரோல் என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லாரையும் போலக் கீழே வரும்போது போடுங்கள், லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம்.

கம்பத்திலிருந்து: தினமும் 20 கிலோமீட்டர்தான். இரண்டு மாதமாகப் பெட்ரோலே செலவாகவில்லை. சந்தோஷம்தானே?

சந்தோஷம்தான், ஆனால் டேங்க்கில் கிடப்பது இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இன்ஜினை நன்றாகச் சூடேற ஓட்டுங்கள். சில வண்டிகள் இதைத் தாமே செய்துகொள்ளும்.

தேனியிலிருந்து: கார்த்திகை, மார்கழியில் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுகிறார்களே, அப்போது?

ஐயப்ப சீசனில் நான் கரண்டை நம்புவதே இல்லை. ஏற்றமும் கூடுதல், தூரமும் கூடுதல். மெட்டு ஏறும்வரை ஹைபிரிடில் விட்டு, பேட்டரியில் கொஞ்சம் கரண்ட் செலவாகாமல் இருக்க ஹோல்ட் பட்டன் போட்டு வைத்துக்கொள்வேன். வரிசையில் ஊர்ந்து நிற்கும்போது கரண்டில் ஏசி போட்டுக்கொள்ளலாம். இன்ஜினை ஓட்டி பேட்டரியை நிரப்பும் பட்டனை மட்டும் தொடாதீர்கள், ரொம்ப விலை கூடின கரண்ட் அது.

ஆண்டிபட்டியிலிருந்து: சார், ஹைகிராஸுக்குச் சார்ஜர்...

பிளக் இல்லை. பிளக் இல்லை. பிளக் இல்லை.

ஜீப் டிரைவர்: மாப்ளே, நேத்து குமுளியில இருந்து ரெண்டாம் கியர்ல இறங்கிப் பார்த்தேன். பிரேக் டிரம் தொட்டா சுடல. ஆனா எண்ணெய்க் கணக்கு பார்க்கல.

பாருங்கள் மாமா. ஒரு நோட்டு வாங்கித் தருகிறேன். இப்போது முதலாளி கூப்பிடுகிறார், புத்தடியில் ஏலக்காய் ஏலம், பேட்டரி 94, கீழேதான் நிறைத்தேன்.