பழைய ஜன்னலைக் கழற்றிவிட்டு ‘பழைய மாதிரி’ ஜன்னல் போடலாமா?

கேள்வி: நகரத்தின் நடுவில், எண்பது வருடத்துக்கும் மேலான கட்டடத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். பூப்போட்ட சிமென்ட் டைல் தரை, ஆள் உயரத்துக்கு மர ஜன்னல்கள், உயரமான கூரை. இவற்றுக்காகத்தான் வாங்கினோம். கான்ட்ராக்டரோ, “எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே டிசைனில் புதிதாகப் போட்டுத் தருகிறேன், சமையலறையையும் பழைய பாணியிலேயே செய்யலாம்” என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். எதற்காக வீட்டை வாங்கினீர்களோ அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதன் நகலைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்.

முதலில் தரை. அந்த டைல்கள் சூளையில் சுட்டவை அல்ல. நிறம் கலந்த சிமென்டை அச்சில் ஊற்றி, அழுத்தி, ஈரத்தில் ஊறவைத்து இறுக வைத்தவை. பூ வேலைப்பாடு மேற்பூச்சாக இல்லாமல் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பதால், மங்கிப்போன தரையையும் மெல்லத் தேய்த்து மெருகேற்றினால் நிறம் திரும்பிவிடும். ஆசிட் மட்டும் ஊற்ற விடாதீர்கள், சிமென்டை அது அரித்துவிடும். உடைந்த இடங்களுக்கு, கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்கு அடியிலோ இருக்கும் நல்ல டைல்களை எடுத்துப் போடலாம்.

ஜன்னலும் அப்படித்தான். பழைய மரச்சட்டத்தில் பெரும்பாலும் கீழ்க்கட்டைதான் உளுத்திருக்கும். நல்ல தச்சர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவார். காற்றும் சத்தமும் வராமலிருக்க இடுக்குகளில் ரப்பர் பட்டை கொடுத்து, உள்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டு பெயின்டில் ஈயத்தை 1978-இல்தான் தடை செய்தார்கள். சோதித்துப் பார்க்காமல் மிஷின் வைத்துச் சுரண்ட விடாதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் காரையாக இருந்தால், மேலே சிமென்ட் பூசக் கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும், கொஞ்ச நாளில் பூச்சு உப்பிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் பெயின்டும் அதே தப்பைத்தான் செய்யும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், அலைச்சல்தான், ஆனாலும் தேடுங்கள்.

சரி, எதைப் புதிதாகச் செய்வது? வயரிங், தண்ணீர்க் குழாய், குளியலறை, சமையலறை. இவற்றில் பழமைக்கு இடம் கொடுக்காதீர்கள். பழைய வயரின் ரப்பர் உறை காய்ந்து நொறுங்கியிருக்கும், முழுவதையும் மாற்றுங்கள். சமையலறை நேர்க்கோடுகளோடு, இன்றைக்குச் செய்தது என்று பார்த்ததும் தெரியட்டும். நினைவுச்சின்னங்களைச் சீரமைப்பதற்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனமும், தவிர்க்க முடியாமல் புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையோடு தனித்துத் தெரிய வேண்டும் என்கிறது. வீட்டுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. போலிப் பழமை பக்கத்தில் நின்றால், அசலையும் போலி என்றுதான் கண் நினைக்கும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டு அந்த உயரத்தை மறைத்துவிடாதீர்கள். அலமாரிகளைக் கூரை வரை இழுக்காமல், சுவரோடு பதிக்காமல், தனியாக நிற்கும்படி செய்தால் பழைய விளிம்பு வேலைப்பாடு தப்பும். பிற்பாடு வேண்டாமென்றால் சுவருக்குச் சேதமில்லாமல் எடுத்தும் விடலாம்.

அப்புறம் ஒப்பந்தம். ‘கழற்றக் கூடாதவை’ என்று தனிப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் போட்டோ இணைத்து, கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். கழற்றும் கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் உங்களுக்கே சொந்தம் என்றும் அதில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இடிபாட்டோடு வண்டியேறிவிடும். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஒரு ஜன்னலையும் நாலைந்து டைல்களையும் மாதிரிக்குச் சரிசெய்து காட்டச் சொல்லி, அது பிடித்த பிறகே அடுத்த தவணை.