பாம்புக்கு இரை: கூண்டுக்குள்ளேயா, வெளியே எடுத்தா?

கேள்வி: என் பால் பைத்தானுக்கு (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) இன்னும் ஒரு வயது ஆகவில்லை. கூண்டுக்குள் இரை போட்டுப் பழக்கினால், கதவைத் திறக்கும்போதெல்லாம் எலி வருகிறது என்று நினைத்துக் கையைக் கடிக்கும், அதனால் தனி டப்பாவில் கொடுங்கள் என்றார் விற்றவர். சரியா?

பதில்: வேண்டாம், கூண்டுக்குள்ளேயே கொடுங்கள். இது பழைய அறிவுரை. கேட்க நியாயமாக இருப்பதால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எலி கொடுப்பீர்கள். தண்ணீர் மாற்ற, கழிவை அள்ள, வெப்பநிலை பார்க்க, கையில் எடுக்க என்று கதவைத் திறப்பது அதைவிடப் பல மடங்கு. பெரும்பாலும் எலி வராத கதவைப் பார்த்து அது ஏன் பசியெடுக்க வேண்டும்?

பாம்பைக் கிளப்பிவிடுபவை வாசனை, அசைவு, சூடு. பால் பைத்தானின் உதட்டோரச் செதில்களில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் உள்ளே நீட்டினால், அதைப் பொறுத்தவரை அந்தக் கையும் எலிதான். ஒன்று மட்டும் உண்மை: எலி போடுவதற்கு மட்டுமே கூண்டைத் திறப்பவர்களுக்கு விற்றவர் சொன்னது பலித்துவிடும்.

கேள்வி: என் கார்ன் ஸ்நேக் (corn snake, நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு) தனி டப்பாவில்தான் சாப்பிடுகிறது. ஒரு தடவைகூடக் கடித்ததில்லை. நான் ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: மாற்றியே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கார்ன் ஸ்நேக் சாப்பாட்டில் பிகு பண்ணாத இனம். என் கவலை திரும்பக் கொண்டுபோய் விடுவதில்தான். விழுங்கி முடித்த பிறகும் இன்னொன்று கிடைக்குமா என்று நாக்கை நீட்டித் தேடிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நேரத்தில் கையை நீட்டுகிறீர்கள்.

வயிற்றுப் பக்கமும் யோசியுங்கள். பெரிய இரை எடுத்த பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்ததில், 48 மணி நேரத்துக்குள் இதயத் தசை சுமார் 40% வளர்ந்திருந்தது. குடலும் பருக்கிறது. உடம்பு இவ்வளவு வேலையில் இருக்கும்போது தூக்கினால், எதிரியிடம் மாட்டிக்கொண்டதாக மிரண்டு இரையைக் கக்கிவிடலாம். எந்தப் பாம்பானாலும் சாப்பிட்டபின் 48 மணி நேரம் தொடாமல் இருப்பது நல்லது. டப்பாதான் உங்களுக்கு வசதி என்றால், சாப்பிட்டு முடித்ததும் அதைத் திறந்தபடி கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். தானாக ஊர்ந்து வெளியே வரட்டும்.

கேள்வி: என்னுடையது நேற்று கக்கியே விட்டது. பசியோடு இருக்குமே, இன்று வேறு எலி கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இரையோடு வயிற்று அமிலமும் மேலே வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும். தண்ணீர் மட்டும் வைத்து, 10 முதல் 14 நாள் விடுங்கள். அப்புறம் வழக்கமான அளவில் பாதி. நடுவில் சூட்டைச் சரிபாருங்கள். பால் பைத்தான் என்றால் சூடான மூலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், சூடு போதாவிட்டால் செரிக்காது. மறுபடி கக்கினால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: கீழே பரப்பிய மரச்சீவலையும் எலியோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளாதா?

பதில்: ஆரோக்கியமான பாம்புக்கு ஒன்றிரண்டு சீவல் கழிவோடு போய்விடும். வாய்க்குள் குத்தி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். சீவல் ஒட்டுவதற்குக் காரணமே எலியின் ஈரம். உறைந்த எலியை வெந்நீரில் சூடேற்றி எடுத்ததும் ரோமம் காயும்வரை காகிதத் துவாலையால் துடையுங்கள். தட்டில் வைத்தாலும் பாம்பு இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: கூண்டுக்குள் கொடுத்தால், இது சாப்பாட்டு நேரமா தூக்கும் நேரமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

பதில்: நீங்கள்தான் சொல்ல வேண்டும். தூக்கப் போகும்போது பாம்பைக் கையாளும் கொக்கியால் முதலில் உடம்பை மெதுவாகத் தடவுங்கள். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, அசையாமல் குறிபார்த்துக்கொண்டிருந்த பாம்பு கொஞ்சம் தளர்ந்து, தலையைத் திருப்பி நாக்கை நீட்டும். அப்புறம் நடு உடம்பில் கை கொடுத்துத் தூக்குங்கள். இரை நாளில் கொக்கியை எடுக்கவே வேண்டாம், 30 செ.மீ.க்குக் குறையாத இடுக்கி மட்டும் போதும்.

உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். உயிருள்ள எலியும் வேண்டாம், அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

கேள்வி: இரண்டு கார்ன் ஸ்நேக் ஒரே கூண்டில் இருக்கின்றன. இவற்றுக்கும் உள்ளேதானா?

பதில்: இங்கே மட்டும் தனித்தனி டப்பாதான். ஒரே எலியை இரண்டும் இரு முனையிலிருந்து விழுங்க ஆரம்பித்தால், ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். தனியாகக் கொடுத்தாலும் வாயில் எலி வாசனை ஒட்டியிருக்குமே! இரண்டு கூண்டு வாங்கிவிடுங்கள். கிங் ஸ்நேக்கை வேறு பாம்போடு வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பாம்பு தின்பதே அதன் பிழைப்பு.

கேள்வி: 3 மீட்டர் மலைப்பாம்பு. வெளியே கொண்டுவந்து கொடுப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: நேர்மாறு. எலி வாசனை பிடித்துவிட்ட பெரிய பாம்பைக் கையில் சுமப்பதைவிட ஆபத்தான நேரம் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. கூண்டுக்குள்ளேயே, இடுக்கியோடு, பக்கத்தில் இன்னொரு பெரியவர் நிற்க. கடித்துப் பிடித்துக்கொண்டால் கையை இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுக்க இழுக்கக் கிழியும். கூட இருப்பவர் வாலிலிருந்து சுற்றை அவிழ்க்கட்டும். வாயருகே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: எலியை இளக்கச் சமையலறைக் கிண்ணத்தையே பயன்படுத்தலாமா? கழுவித்தானே வைக்கிறோம்.

பதில்: வேண்டாம். உறைய வைத்தாலும் சால்மோனெல்லா கிருமி சாவதில்லை. எலிக்கென்று தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். கழுவுவதும் சமையலறைத் தொட்டியில் வேண்டாம்.