ஆஃபர் லெட்டரில் தேதி போடும் முன்: வேலை விசா பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: முதல்முறையாக வெளிநாட்டுக்காரர் ஒருவரை வேலைக்கு எடுக்கிறோம். ஆறு வாரத்தில் சேரவேண்டும் என்று ஆஃபர் லெட்டரும் கொடுத்துவிட்டோம். இனி அவர் விசாவுக்கு விண்ணப்பித்தால் போதும்தானே?

பதில்: போதாது. பெரும்பாலான நாடுகளில் முதல் படியை நிறுவனம்தான் எடுத்துவைக்க வேண்டும். பிரிட்டனில் ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசா என்றால் முதலில் உங்களிடம் ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டுக்காரரை வேலைக்கு எடுக்க அரசு தரும் உரிமம், இருக்கவேண்டும். அதன்பிறகுதான் அந்த ஊழியர் பெயரில் ஸ்பான்சர்ஷிப் சான்று ஒதுக்க முடியும். சான்று கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவர் விண்ணப்பித்தாக வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கான பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு முன்பாக, அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் தொடர்ந்து விளம்பரம் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா இன்னும் இறுக்கமானது. பதிவு மார்ச் மாதத்தில். ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. தேர்வானால்கூட வேலை தொடங்குவது பெரும்பாலும் அக்டோபர் 1-ல்தான். இந்த வரம்புக்குள் வரும் நிறுவனத்துக்கு ‘ஆறு வாரம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது சம்பளம். பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அந்த வேலை வகைக்கு அரசு வைத்திருக்கும் குறியீட்டுக்கு நிர்ணயித்த தொகை இதைவிடக் கூடுதல் என்றால், கூடுதலானதே கணக்கு. போனஸையும் வீட்டுப்படியையும் சேர்த்துக் கணக்குக் காட்டும் நிறுவனங்கள் இங்கேதான் அடிவாங்குகின்றன. உறுதியான அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே பார்ப்பார்கள். குறியீட்டையும் பதவியின் பெயரை வைத்து எடுக்காதீர்கள். ‘மேனேஜர்’ என்று போட்டுவிட்டு, வேலை விவரத்தில் முழுக்க நிரல் எழுதும் பணியை விவரித்தால் கேள்வி வரும்.

இப்போதே அந்த ஆஃபர் லெட்டரைத் திருத்தி அனுப்புங்கள். அனுமதி கிடைத்த பிறகு சேரும் தேதி முடிவாகும், அனுமதி மறுக்கப்பட்டால் இந்த வாய்ப்பு செல்லாது, எந்தக் கட்டணம் யாருடையது என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்கட்டும். அனுமதி கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை ராஜினாமா செய்யவேண்டாம் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விசா தள்ளிப்போனால் உங்களுக்கு ஒரு இடம் காலி, அவ்வளவுதான். அவருக்கோ வருமானமே நின்றுபோகும்.

கேள்வி: வாடிக்கையாளர் நிறுவனத்தில் அடுத்த வாரம் வேலை தொடங்குகிறது. இரண்டு பொறியாளர்களை பிசினஸ் விசாவில் அனுப்பிவிட்டு, வேலை விசாவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பிசினஸ் விசாவில் கூட்டத்தில் பங்கேற்கலாம், ஒப்பந்தம் பேசலாம், இடத்தைப் பார்வையிடலாம். வாடிக்கையாளரின் அமைப்பில் உட்கார்ந்து வேலை செய்வது வேறு. சம்பளம் இங்கே வருகிறதா, அங்கே வருகிறதா என்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது. அங்கே என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் ‘180 நாளில் 90 நாள்’ விதியையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தங்குவதற்கான கணக்கு, வேலைக்கான அனுமதி இல்லை.

விதிவிலக்கு சில உண்டு. அமெரிக்காவின் பி-1 பிசினஸ் விசாவில், வெளிநாட்டு நிறுவனம் விற்ற இயந்திரத்தை நிறுவவும் பழுதுபார்க்கவும் அந்த நிறுவனத்தின் ஆள் போகலாம். ஆனால் அந்தச் சேவை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் நகலும் கையில் இருக்கவேண்டும். அழைப்புக் கடிதத்தில் ‘கலந்தாய்வு’ என்றிருக்க, ஊழியர் குடிவரவு அதிகாரியிடம் ‘மூன்று மாதம் சாஃப்ட்வேர் போடப்போகிறேன்’ என்றால் அங்கேயே திருப்பி அனுப்பலாம். அந்தப் பதிவு அவருடைய அடுத்தடுத்த விசா விண்ணப்பங்களில் தொடர்ந்து வரும்.

கேள்வி: எங்களுக்கே அங்கே ஒரு கிளை இருக்கிறது. ஊழியரை அங்கே மாற்றுவது சுலபம்தானே?

பதில்: வழி தனி, சில இடங்களில் சுலபம்தான். ஒரே குழுமத்துக்குள் ஊழியரை மாற்றுவதற்கான அமெரிக்காவின் எல்-1 விசாவுக்கு ஆண்டு வரம்பும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. ஆனால் முந்தைய மூன்று ஆண்டுக்குள் ஒரு முழு ஆண்டு தொடர்ச்சியாக, அமெரிக்காவுக்கு வெளியே உங்கள் குழுமத்தில் வேலை செய்திருக்க வேண்டும். இடையில் அமெரிக்கா போய்வந்த நாட்கள் அந்த ஓராண்டில் சேராது. நிர்வாகிகளுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு, சிறப்பு அறிவுள்ளவர்களுக்கு 5 ஆண்டு. அப்போதுதான் திறக்கும் அலுவலகம் என்றால் முதலில் ஓராண்டு மட்டுமே தருவார்கள். இரு நிறுவனங்களுக்கும் இடையே உள்ள உரிமைத் தொடர்பைப் பங்குப் பதிவேடு மூலம் நிரூபிக்கத் தயாராக இருங்கள். பெயர் ஒன்றாக இருப்பது சான்றாகாது.

பிரிட்டனில் கிளை மாற்றத்துக்கான விசா நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு நேரடியாக இட்டுச்செல்லாது. குடும்பத்தோடு போகிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

கேள்வி: பட்டச் சான்றிதழை அப்போஸ்டில் செய்யச் சொல்கிறார்கள். எங்கே செய்வது?

பதில்: சான்றிதழ் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அங்கே. ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அந்த நாடு உறுதிசெய்து தருவதுதான் அப்போஸ்டில். மூன்றாவது நாட்டில் படித்தவர் என்றால் அந்த நாட்டுக்கே சான்றிதழை அனுப்பவேண்டும். பல வாரம் கரைவது இதில்தான். அப்போஸ்டில், 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே மட்டும் செல்லும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் அதற்குள் வந்தன. உடன்படிக்கைக்கு வெளியே உள்ள நாடு என்றால் தூதரகத்தின் சான்றொப்பம் (அட்டெஸ்டேஷன்) தேவை. மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் அப்போஸ்டில் முடிந்தபின் செய்வது நல்லது. முத்திரையும் சேர்ந்து மொழிபெயர்க்கப்படும்.

ஜெர்மனிக்குப் போகிறவர் அதற்கும் முன்பாக வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் ‘அனாபின்’ தரவுத்தளத்தில் தன் பல்கலைக்கழகம் ‘எச்+’ (அங்கீகரிக்கப்பட்டது) நிலையில் இருக்கிறதா, பட்டமும் இணையாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் தனியாகச் சமநிலைச் சான்று வாங்கவேண்டும்.

அனுபவச் சான்றையும் இப்போதே புரட்டிப் பாருங்கள். ‘எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்’ என்ற இரண்டு வரி எதற்கும் உதவாது. பதவி, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முழுநேரமா, செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் தொடர்பு விவரம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வேண்டும்.

கேள்வி: விசா கிடைத்து ஊழியர் சேர்ந்தும்விட்டார். இனி எங்கள் வேலை முடிந்ததா?

பதில்: அனுமதி அந்த வேலைக்கும் சம்பளத்துக்கும், பல நாடுகளில் அந்த இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பதவி உயர்வு, சம்பளக் குறைப்பு, வேறு ஊருக்கு மாற்றம், நிறுவன இணைப்பு எது வந்தாலும் ஹெச்ஆர் கையெழுத்திடும் முன் விசாவைப் பார்க்கவேண்டும். எச்-1பி ஊழியரை அந்தப் பெருநகரப் பகுதிக்கு வெளியே உள்ள புதிய பணியிடத்துக்கு நிலையாக மாற்றினால், அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு அலுவலகம் 2015-ல் தந்த சிமியோ தீர்ப்புப்படி திருத்திய மனு தாக்கல் செய்தாக வேண்டும். அவர் தன் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக இருந்தாலும் அந்த வீடு பணியிடம்தான்.