அளவைக் கூட்டலாமா? ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு) கேள்வி பதில்

கேள்வி: ஒன்பது வயது மகன் ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எடுக்கிறான். ஓட்டம் அடங்கிவிட்டது, வாசிப்பு மட்டும் தேறவில்லை. அளவைக் கூட்டலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். மருந்து அவனை உட்காரவைக்கும்; எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுக்காது. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் துணையோடுதான் வரும்: கற்றல் குறைபாடு, பதற்றம், எதற்கும் எதிர்த்து நிற்பது, தூக்கக் கோளாறு. சத்தமாகப் படிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்கிறானா? எழுத்துகளை விழுங்குகிறானா? கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

கேள்வி: இனிப்பை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: பல்லுக்கு நல்லது. ஏ.டி.எச்.டி.க்கும் இனிப்புக்கும் தொடர்பில்லை.

கேள்வி: மாத்திரை தொடங்கியதிலிருந்து மகள் மதியம் சாப்பிடுவதே இல்லை.

பதில்: எதிர்பார்த்ததுதான். மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறாரக் கொடுங்கள். மாலையில் பசி திரும்பும். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பையனுக்கும் மாத்திரை உண்டா?

பதில்: ஆறு வயதுக்குள் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. காதும் நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இந்த மருந்துகள் பிள்ளையைப் பொம்மையாக்குகின்றன. அந்தக் காலத்தில் இந்த நோயெல்லாம் ஏது?

பதில்: பிள்ளை பொம்மை போலிருந்தால் அளவு அதிகம், மருத்துவரிடம் சொல்லிக் குறைக்கவேண்டும். அந்தக் காலமா? 1902இல் லண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1937இல் அமெரிக்காவில் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்தான பென்செட்ரின் கொடுத்ததும் பல குழந்தைகள் பாடத்தில் கவனம் செலுத்துவதைப் பதிவுசெய்தார். நம் ஊரில் அப்போது பெயர்தான் இல்லை, பிரம்பு இருந்தது.

அதே வாசகர்: அடி வாங்கித்தான் நாங்கள் உருப்பட்டோம்.

பதில்: உருப்படாமல் பள்ளியை விட்டுப் போனவர்கள் இங்கே வந்து கேள்வி கேட்பதில்லை ஐயா. கடைசி பெஞ்சில் உங்களோடு இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அடியால் பதற்றம்தான் கூடும். அப்புறம் அதற்கும் சேர்த்து வைத்தியம்.

கேள்வி: தேர்வு வருகிறது. அந்த ஒரு மாதம் மட்டும் அளவைக் கூட்டினால்?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏ.டி.எச்.டி.க்கான இன்னொரு மருந்தான அட்டாமாக்ஸெடின் தொடங்கி ஒரு வாரமாகிறது, மாற்றமே இல்லை.

பதில்: இது மெத்தில்ஃபெனிடேட் போல அன்றே தெரியாது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திடீரென மனம் சோர்ந்தால், தற்கொலைப் பேச்சு எழுந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அண்ணனின் மாத்திரை மிச்சமிருக்கிறது. தம்பியும் துறுதுறுப்புதான், பாதி கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. மாத்திரையைப் பூட்டி வைத்துவிட்டுத் தம்பியை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.