லடாக்கின் லே நகரத்திலிருந்து கர்துங் லா கணவாய்க்கு சைக்கிளில் ஏற முடியுமா? சரிவு ரொம்பக் கடினமா?

முடியும். சரிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், கணவாய் 5,359 மீட்டர். (கணவாயின் உச்சியில் இருந்த பழைய பலகை 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர், என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னது!) இடையில் 40 கி.மீ. சாலை. சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்கும் கீழேதான். ராணுவ லாரிகள் ஏறும் சாலையாயிற்றே.

படுத்துவது காற்று. ஆக்சிஜன் விகிதம் அங்கேயும் 21 சதவீதம்தான்; ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான் உள்ளே போகும். கால் வலிக்கும் முன்பே மூச்சு வாங்கும். தண்ணீர் குடிக்க நாலு விநாடி மூச்சடக்கினால்கூட அடுத்த வளைவுவரை இரைக்கும். அதனால் விமானத்தில் வந்து இறங்கியவர்கள் லேயில் மூன்று நாளாவது இருந்து உடம்பைப் பழக்குங்கள். வழியில் வரும் தெற்கு புல்லு சோதனைச் சாவடியில் டீ குடித்துவிட்டு, சின்ன கியரில், பேச முடிகிற வேகத்தில் மிதியுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் யோசிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

இறக்கத்துக்குத் தடித்த கையுறை கட்டாயம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பதே தெரியாது.