கண்ணாடியோடு வியூஃபைண்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விடியற்காலையில் காசிமேட்டில் விசைப்படகுகள் கரை சேர்வதையும் மீன் ஏலத்தையும் படம் எடுக்கிறேன். கேமரா கேனான் 1500டி. இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5 பவர், வலக்கண்ணில் சிலிண்டரும் (சிதறல் பார்வைக்கான பவர்) 1.25 உண்டு. கண்ணாடியோடு வியூஃபைண்டருக்குள் (கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) பார்த்தால் நான்கு மூலையும் ஒருசேரத் தெரிவதில்லை. கீழே வரும் ஷட்டர் வேக எண்களும் மறைந்துவிடுகின்றன. கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயாப்டரை (வியூஃபைண்டரின் பவரை மாற்றும் சக்கரம்) திருப்பிக்கொள்ளலாமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: கழற்ற வேண்டாம். 1500டி-யின் டயாப்டர் மைனஸ் 2.5 முதல் பிளஸ் 0.5 வரைதான் போகும். உங்களுக்கு வேண்டியது மைனஸ் 3.5. ஐபீஸில் (வியூஃபைண்டரில் கண்ணை வைக்கும் பகுதி) மாட்டுகிற பவர் லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது, அதை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டலாம். ஆனால் சிலிண்டரை டயாப்டரும் சரிசெய்யாது, அந்த லென்ஸும் சரிசெய்யாது. 1.25 சிலிண்டருக்கு எண்களின் ஓரம் இழுபட்டாற்போலத்தான் தெரியும். இன்னொன்று, அடுத்த படம் எங்கே இருக்கிறது என்று கேமராவுக்கு வெளியே பார்த்துத் தேடித்தானே கேமராவைத் தூக்குகிறீர்கள்? கயிறும் கூடையும் ஈரத் தரையுமாக இருக்கிற ஏலத் திடலில் மைனஸ் 3.5 பவர்க்காரர் கண்ணாடி இல்லாமல் நடமாடுவது ஆபத்து.

மூலைகள் மறைவதற்குக் காரணம் தூரம். ஐபீஸ் லென்ஸிலிருந்து கண்ணை அதிகபட்சம் எவ்வளவு தள்ளி வைத்து முழு ஃபிரேமையும் பார்க்க முடியுமோ, அந்தத் தூரத்துக்கு ஐபாயிண்ட் என்று பெயர். உங்கள் கேமராவில் அது சுமார் 21 மி.மீ. மூக்குக் கண்ணாடி விழியிலிருந்து வழக்கமாக 12 முதல் 14 மி.மீ. தள்ளி நிற்கும். லென்ஸின் தடிமன் நடுவில் ஒன்றரை மி.மீ. என்று வையுங்கள் (மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிப்பு, நடுவில் மெலிசு). மிச்சம் ஐந்தரை முதல் ஏழரை மி.மீ. ஐபீஸ் லென்ஸ் உள்ளடங்கி இருக்கிற பள்ளம், அதைச் சுற்றியுள்ள ஐகப் ரப்பரின் உயரம் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காதபோதுதான் மூலை வெட்டுப்படுகிறது.

ஆகவே மில்லிமீட்டர்களை மிச்சம் பிடிப்பதுதான் வழி. முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய் மூக்குத் தாங்கிகளைச் சற்று உள்வாங்கச் சொல்லுங்கள். இமைமுடி லென்ஸில் உரசாத அளவுக்கு 2 மி.மீ. நெருங்கினாலே வித்தியாசம் தெரியும். காதுப் பக்கக் கம்பியையும் இறுக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் வியர்வையில் கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கிவிடும்; இறங்க இறங்கத் தூரம் கூடும். பலர் கேமராவைக் குறை சொல்வது இதனால்தான்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஐகப்பை மேல்நோக்கித் தள்ளிக் கழற்றுங்கள். சில மி.மீ. கிடைக்கும். ஆனால் கடின பிளாஸ்டிக் விளிம்பு கண்ணாடியின் கோட்டிங்கைக் கீறும். மெல்லிய வெல்வெட் துணியையோ ஸ்பாஞ்சுப் பட்டையையோ அந்த விளிம்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓரம் மறைந்தால், முகத்தை அழுத்தாமல் கண்ணை இலேசாக நகர்த்திப் பாருங்கள். எக்ஸ்போஷரை (ஷட்டர் வேகம் முதலான ஒளி அளவு எண்களை) முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஃபிரேமில் மட்டும் கவனம் வையுங்கள். 1500டி-யின் வியூஃபைண்டர் 95 சதவீதக் காட்சியைத்தான் காட்டும். நீங்கள் பார்த்ததைவிடச் சற்று அதிகமாகவே படத்தில் விழும் என்பதால், ஓரங்களைப் பின்திரையில் சரிபார்ப்பது கட்டாயம்.

கேள்வி: வயது 52. புரோக்ரெசிவ் கண்ணாடி அணிகிறேன். ஃபோகஸ் ஆகிவிட்டது என்று கேமரா பீப் அடிக்கிறது, படமும் துல்லியமாக வருகிறது. வியூஃபைண்டருக்குள் மட்டும் எல்லாம் மங்கல். அரை மணி நேரத்தில் தலைவலி.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டயாப்டர் உங்கள் கண்ணுக்குச் சேரவில்லை. உங்களுடையது போன்ற எஸ்எல்ஆர் கேமராவில் (லென்ஸ் வழி வரும் காட்சியை உள்ளே ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி வியூஃபைண்டருக்கு அனுப்பும் வகை) அந்தக் காட்சி விழும் ஃபோகசிங் ஸ்கிரீன் ஐபீஸ் வழியே சுமார் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும்படி அமைப்பதே வழக்கம். புரோக்ரெசிவ் லென்ஸின் மேல்பகுதி தூரப் பார்வைக்கு, அடிப்பகுதி வாசிப்புக்கு. ஒரு மீட்டருக்கான இடம் நடுவில் குறுகலாக இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தைத் தேடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தலைவலி அதனால் வரலாம். தலையை நேராக வைத்து, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகவே பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். டயாப்டரை அதற்கு ஏற்ப வைக்கலாம்.

லென்ஸ் மூடியைக் கழற்றி, வெளுத்த வானத்தையோ வெற்றுச் சுவரையோ நோக்கிப் பிடியுங்கள். காட்சியைப் பார்க்காதீர்கள், உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளையும் எண்களையும் மட்டும் பாருங்கள். டயாப்டர் சக்கரத்தைப் பிளஸ் பக்கம் கடைசிவரை திருப்பினால் மங்கும். அங்கிருந்து மைனஸ் பக்கமாக மெல்லத் திரும்பி, எண்கள் முதன்முதலாகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டினாலும் சிறிது தூரம் கூர்மையாகவே தெரியும், ஆனால் அந்தக் கூர்மை கண் தசை இறுகித் தருவது, விரைவில் களைத்துவிடும். ஒரு நிமிடம் கண்ணை மூடி ஓய்வு கொடுத்துவிட்டு இன்னொரு முறை செய்து, இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் பைக்குள் உரசித் தானாகத் திரும்பிவிடுவதும் உண்டு. நிறுத்திய இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். சக்கரத்தின் கடைசிவரை போயும் தெளியவில்லை என்றால் கண்ணாடியின் பவரே மாறியிருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உங்களுக்கு எட்டுகிற தூரம்தான்.

கேள்வி: மெட்ரோவில் இருந்து இறங்கிக் கடற்கரைக்கு வந்தால் கண்ணாடியும் ஐபீஸும் பனிபடர்ந்துவிடுகின்றன. சட்டையால் துடைத்துத் துடைத்துக் கீறலும் விழுந்துவிட்டது.
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஏசியில் குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரக்காற்று படிந்து நீராகிறது. வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். பையை மூடியபடி இருபது நிமிடம் விடுங்கள், அது வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். கீறலுக்குக் காரணம் உப்பும் மணலும். உலர்ந்த லென்ஸை எதைக் கொண்டும் துடைக்கக் கூடாது. மூக்குக் கண்ணாடியை முதலில் நல்ல தண்ணீரில் காட்டுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணி. ஐபீஸில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஊதும் ரப்பர் பம்பால் தூசியை அகற்றிவிட்டு, துணியை இலேசாக நனைத்து ஒற்றி எடுங்கள்.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கரையை நோக்கி எடுக்கும்போது அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாடிக்கும் ஐகப்புக்கும் இடையிலுள்ள சந்து வழியே உள்ளே விழும். காட்சி வெளுக்கும். எஸ்எல்ஆரில் அந்த ஒளி, வெளிச்சம் அளக்கும் மீட்டரையும் ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கக்கூடும். இடக்கையால் லென்ஸைத் தாங்கி, வலக்கட்டைவிரல் பக்கச் சந்தைத் தொப்பி விளிம்பால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக மிரர்லெஸ் (பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாமல், வியூஃபைண்டரில் மின்திரை வழியே காட்சி காட்டும் கேமரா) வாங்கப்போகிறேன். கண்ணாடிக்காரனுக்கு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஐபாயிண்ட். 20 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். எங்கிருந்து அளந்தது என்பதையும் கேளுங்கள்: சோனி ஏ7 III-க்கு ஐபீஸ் லென்ஸிலிருந்து 23 மி.மீ., அதே கேமராவுக்கு ஐபீஸ் சட்டத்திலிருந்து 18.5 மி.மீ. வியூஃபைண்டரின் உருப்பெருக்கம் கூடக்கூட மூலைகளைப் பார்ப்பது கடினம். நிக்கான் டி850 விலை உயர்ந்த கேமரா, ஐபாயிண்ட் 17 மி.மீ.தான். அதே நிக்கான் 1982-இல் எஃப்3 எச்பி என்ற ஃபிலிம் கேமராவில், கண்ணாடி அணிபவர்களை எண்ணி, 25 மி.மீ. கொடுத்திருந்தது.

மிரர்லெஸ்ஸில் ஒரு வசதி, சில மாடல்களின் மெனுவில் வியூஃபைண்டர் காட்சியைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். பேனசோனிக் ஜி9-இல் அதற்குத் தனிப் பொத்தானே உண்டு. கடையில் உங்கள் கண்ணாடியோடே பாருங்கள், கேமராவைக் குத்தாகவும் பிடித்துப் பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் அணிபவரானால் அதையும் எடுத்துப் போங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகலாம்.