கறுப்பு நாய்க்குப் புது கேமரா தேவையா?

கேள்வி: எங்கள் மணி கன்னங்கரேலென்ற நாட்டு நாய். சாயங்காலம் சில்வர் பீச்சில் ஓடவிட்டுப் படம் எடுத்தால் எல்லாமே கலங்கலாக வருகிறது. கையில் இருப்பது பழைய கேனன் டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். எழுபதாயிரத்தில் புது கேமரா எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாங்க. உங்களுக்குத் தேவை வேறு லென்ஸ்தான். 18-55ஐ 55 வரை இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). எஃப் 1.8 உள்ள 50 எம்எம் லென்ஸ் அதைப்போல் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 6400ல் பொரிபொரியாக வந்த படத்தை, அதே ஷட்டர் வேகத்தில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 640லேயே எடுத்துவிடலாம். கேனனில் இந்த லென்ஸ் புதிதாகவே பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. கிட்டத்தில் எடுக்கும்போது மட்டும் 2.8 வையுங்கள், 1.8ல் மூக்கு தெளிவாகி கண் மங்கிவிடும். ஓடும்போது ஷட்டர் 1/1000 வினாடி வேண்டும்.

அதுவரை செலவில்லாமல் ஒன்று செய்யலாம். கறுப்பு நாய் ஃபிரேமை அடைத்து நின்றால், இருட்டாக இருக்கிறதென்று கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும். படம் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், மணி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அதற்கும் இதுவே. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1க்குக் கொண்டுவாருங்கள். ஏவி மோடில் (எஃப் எண்ணை நாம் வைத்தால் ஷட்டரை கேமராவே வைத்துக்கொள்ளும் முறை) ஐஎஸ்ஓவை மாற்றாமல் இருந்தால் ஷட்டர் வேகம் இரட்டிப்பாகும்.

நம் கரையில் சூரியன் ஊர்ப்பக்கம்தான் இறங்குகிறது. கடலைப் பார்த்து நின்றுகொண்டு மணியை உங்கள் பக்கம் ஓடிவரச் செய்யுங்கள். மஞ்சள் வெயில் நேராக முகத்தில் விழும். கறுப்பு முகத்தில் கண் தனியாகத் தெரிவது அப்போதுதான். ஆனால் வெயிலை மரமும் கட்டடமும் முன்கூட்டியே மறைத்துவிடும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே அஸ்தமனம், ஐந்துக்கே போய்விடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், கண் பச்சையாக எரியும்.

லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் அதன் ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். கடலோர ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். உள்ளே நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்றால் மணல் புகுந்திருக்கிறது.

புதிதென்றால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு வாரண்டி கேட்க ஆதாரம் இருக்காது. பில் இருந்தும் கடை தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுக்கலாம்.